ஸ்கிசோஃப்ரீனியா என்றால் ஒருவருக்குள் இரண்டு ஆளா? மனநோய்ச் சொற்கள் வந்த வழி

கேள்வி, மே 28

ஸ்கிசோஃப்ரீனியாவுக்குக் கிரேக்கத்தில் ‘பிளந்த மனம்’ என்றுதான் பொருள் என்று அகராதியில் பார்த்தேன். தமிழிலும் சிலர் மனப்பிளவு என்று எழுதுகிறார்கள். அப்படியானால் ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் இருப்பதாகப் படங்களில் காட்டுவது சரிதானே? டாக்டர்கள் ஏன் மறுக்கிறார்கள்? வேர்ச்சொல்லே அப்படித்தானே சொல்கிறது?

மே 28, இரவு

சரியில்லை. பெயர் வைத்தவர் என்ன நினைத்தார் என்பதை வேர்ச்சொல் காட்டும். நோயாளி எப்படி இருப்பார் என்பதை அதிலிருந்து ஊகிக்க முடியாது.

பெயர் வைத்தவர் ஆய்கன் பிளாய்லர். தமிழில் யூஜின் புளூலர் என்றும் எழுதுவார்கள். சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரத்து பூர்க்ஹோல்ட்ஸ்லி மனநோய் மருத்துவமனையின் தலைவர். 1908 ஏப்ரல் 24 அன்று பெர்லினில் நடந்த மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் இந்தச் சொல்லைச் சொன்னார். 1911-இல் பெரிய நூலாகவே எழுதினார். அதற்கு முன்பு புழங்கிய பெயர் டிமென்ஷியா பிரேகாக்ஸ், அதாவது இளவயதிலேயே வரும் அறிவுத் தேய்வு. ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் நிலைநிறுத்திய பெயர் அது. பிளாய்லருக்கு அதன் இரண்டு பாதியிலும் உடன்பாடு இல்லை. எல்லாருக்கும் இளவயதில் வருவதில்லை, எல்லாருக்கும் அறிவு தேய்ந்துபோவதும் இல்லை என்றார். தேறி வீட்டுக்குப் போனவர்களை அவர் பார்த்திருந்தார். நூலின் தலைப்பில் ஸ்கிசோஃப்ரீனியா என்பதைப் பன்மையில்தான் எழுதினார். இது ஒரே நோய் இல்லை, பல நோய்களின் தொகுதி என்பது அவர் எண்ணம்.

அவர் சொன்ன பிளவு ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் விழுவது அல்ல. எண்ணம், உணர்ச்சி, செயல் எல்லாம் ஒன்றோடொன்று கோத்து ஓடுகின்றன அல்லவா, அந்தக் கோப்பு அவிழ்ந்துபோவதைத்தான் சொன்னார். என் தம்பிக்கு இந்த நோய் இருக்கிறது. அப்பா இறந்த செய்தியை அவன் சித்தப்பாவிடம் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. அவனுக்குத் துக்கம் இல்லை என்று அன்று வீட்டில் பலர் பேசினார்கள். துக்கம் இருந்தது. அது முகம் வரைக்கும் வந்து சேரவில்லை. பிளாய்லர் சொன்ன பிளவு எனக்குப் புரிந்தது அங்கேதான்.

ஒருவருக்குள் பல ஆள் என்பது வேறு நோய்ப்பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980-இல் அது ‘மல்டிபிள் பர்சனாலிட்டி’ என்று தனியாக இடம்பெற்றது. 1994-இல் அந்தப் பெயரையும் மாற்றிவிட்டார்கள். ஸ்கிசோஃப்ரீனியாவோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

மே 29, காலை

ஒன்றைச் சேர்க்கிறேன். சொல்லின் பின்பாதியான ‘ஃப்ரேன்’ கிரேக்கத்தில் மனதையும் குறிக்கும், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தையும் குறிக்கும். அந்தத் தசைக்குப் போகும் நரம்பை இன்றைக்கும் ‘ஃப்ரெனிக்’ நரம்பு என்றுதான் மருத்துவக் கல்லூரியில் படிக்கிறார்கள். மனம் மூளையில் இருக்கிறது என்று ஊருக்குள் முடிவாவதற்கு முந்தைய சொல். நம்முடைய நெஞ்சும் அப்படித்தான். நெஞ்சு வலிக்கிறது என்றால் ஈசிஜி எடுக்க ஓடுகிறோம், நெஞ்சறியப் பொய் சொல்லாதே என்றால் மனம் என்று புரிந்துகொள்கிறோம்.

இது அகராதி ரசனை மட்டும் இல்லை. மனச்சோர்வோடு வரும் நம் ஊர்ப் பெரியவர்களில் பலர் முதலில் சொல்வது “நெஞ்சு பாரமா இருக்கு”, “உடம்பு பூரா எரியுது” என்பதுதான். மனசு என்ற சொல் அவர்கள் வாயில் கடைசியில்தான் வரும். அதைக் கேட்டு இதய டாக்டரிடமும் வயிற்று டாக்டரிடமும் அலைந்துவிட்டுத்தான் பாதிப் பேர் மனநல ஓ.பி.க்கு வந்து சேர்கிறார்கள்.

மே 29, இரவு

“உங்கள் வீட்டில் அந்த நோயை என்னவென்று சொல்லிக்கொண்டீர்கள்?” என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். இங்கேயே சொல்கிறேன்.

அம்மா சொன்னது ‘நரம்புத் தளர்ச்சி’. பக்கத்து வீடு, உறவு, ரேஷன் கடை எல்லா இடத்திலும் அதுதான். தம்பி வேலைக்குப் போகாமல் அறைக்குள் உட்கார்ந்திருப்பது, இரவில் நடப்பது, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்வது, எல்லாமே நரம்புத் தளர்ச்சிக்குள் அடங்கிற்று. மாத்திரைக்கு ‘தூக்க மாத்திரை’ என்று பெயர். மனநல மருத்துவர் கொடுக்கும் எந்த மாத்திரையும் எங்கள் தெருவில் தூக்க மாத்திரைதான். அதனால் தம்பி கொஞ்சம் நன்றாகத் தூங்க ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். தூக்கம்தான் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்பது வீட்டின் கணக்கு. நோய் மறுபடி முழு வேகத்தோடு வந்தது.

ஓ.பி. சீட்டில் நோயின் பெயர் இல்லை, ‘எஃப் 20’ என்று மட்டும் எழுதியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியலில் ஸ்கிசோஃப்ரீனியாவின் எண் அது. எனக்கு அது ஏதோ வார்டு எண் போலத்தான் தெரிந்தது. யாரும் உட்காரவைத்து விளக்கவில்லை. கூட்டம் அப்படி.

இந்த நரம்புத் தளர்ச்சியின் கதை பெரியது. 1869-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் ‘நியூராஸ்தீனியா’ என்ற பெயரைப் பரப்பினார். சொல்லுக்குச் சொல் நரம்பு வலுக்குறைவு. அவர் அதற்குச் சொன்ன காரணங்களில் ரயில், தந்தி, செய்தித்தாள் எல்லாம் உண்டு. புதிய வேக வாழ்க்கை நரம்பில் இருக்கும் சக்தியை உறிஞ்சிவிடுகிறது என்றார். களைப்பு, தலைவலி, தூக்கமின்மை, பயம் எல்லாவற்றையும் அதற்குள் போட்டார்கள். சீனாவிலும் அதே பொருளில் ஒரு சொல் உருவாகி, மனச்சோர்வு என்று வெளியே சொல்ல முடியாதவர்களுக்குக் கௌரவமான பெயராகப் பல பத்தாண்டு நின்றது. இப்போதைய பதினோராவது பட்டியலில் நியூராஸ்தீனியா தனி நோயாக இல்லை. நம் ஊர்ச் சுவர் விளம்பரங்களில் நரம்புத் தளர்ச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல் எங்களுக்குக் கதவு அடைக்கவில்லை என்பதும் உண்மை. நரம்புத் தளர்ச்சிக்காரன் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள், காபி குடித்தார்கள். பைத்தியக்காரன் வீடு என்றிருந்தால் வந்திருப்பார்களா என்று தெரியாது.

மே 30

“நரம்பு என்றால் ரத்தக்குழாய் என்றல்லவா எங்கள் பாட்டி சொல்வார்?” என்று கேட்டவருக்கு: ஆமாம், பேச்சுத் தமிழில் அப்படித்தான். கம்பவுண்டர் போடும் ‘நரம்பு ஊசி’ ரத்தக்குழாயில்தான் ஏறுகிறது. யாழின் தந்தியும் நரம்பு. கிரேக்க ‘நியூரான்’ என்பதும் ஆதியில் தசைநார், வில்லின் நாண் இவற்றைக் குறித்த சொல். மூளையிலிருந்து கிளம்பும் நரம்பு என்ற பொருள் பின்னால் வந்தது.

ஜூன் 1

‘பைத்தியம் என்பது வெறும் வசைச்சொல், அதற்கு மருத்துவப் பொருளே கிடையாது’ என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. மருத்துவப் பொருளிலிருந்துதான் அது வசைக்கே போனது.

பித்தம் என்பதிலிருந்து வந்ததுதான் பைத்தியம். பித்து, பித்தன் எல்லாம் அதே குடும்பம். பித்தம் தலைக்கேறினால் புத்தி மாறும் என்பது நம் வைத்திய முறை. சுந்தரர் சிவனையே பித்தா என்று அழைத்துப் பாடத் தொடங்கினார், அதைக் கோயிலில் கைகூப்பிக்கொண்டு பாடுகிறோம். அதே வேரில் பிறந்த பைத்தியத்தை வைத்துத் தெருவில் கல்லெறிகிறார்கள்.

கிரேக்கர்களும் பித்தத்தைத்தான் பிடித்தார்கள். ‘மெலன்கோலியா’ என்றால் கரும்பித்தம். ஹிப்போகிரட்டீஸ் காலத்து மருத்துவத்தில் உடம்பில் கரும்பித்தம் மிஞ்சினால் தீராத பயமும் துக்கமும் வரும். இரண்டு நாட்டு வைத்தியமும் பித்தத்தை நோக்கியே கைநீட்டியிருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். ஹிஸ்டீரியாவின் வேர் கருப்பை. லூனட்டிக் என்பதன் வேர் நிலா. இன்றைக்குக் கருப்பையையோ நிலாவையோ எந்த மருத்துவரும் சோதிப்பதில்லை. ஹிஸ்டீரியா 1980-இல் அமெரிக்கக் கையேட்டிலிருந்து நோய்ப்பெயராக நீங்கிற்று. லூனட்டிக் மட்டும் நம் நாட்டுச் சட்டத்தில் நெடுநாள் உட்கார்ந்திருந்தது. 1912-ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டம் 1987-இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்ட பிறகுதான் விலகியது. இப்போது இருப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். சட்டத்துக்கு ஏற்றபடி அந்த ஆளின் பெயரும் மாறியிருக்கிறது: லூனட்டிக், மனநோயாளி, மனநோய் உள்ள நபர். கடைசியில்தான் ‘நபர்’ தனியாக வருகிறார்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். சங்கிலியை வெளிப்படையாகத் தடை செய்யும் வரி 2017 சட்டத்தில் இருக்கிறது. நான் சொல்லாராய்ச்சியில் மூழ்கிப்போகும்போதெல்லாம் இந்தத் தேதியை எனக்கு நானே நினைவுபடுத்திக்கொள்கிறேன்.

ஜூன் 1, பிற்பகல்

கீழ்ப்பாக்கம் பற்றிக் கேட்டிருந்தார்கள். சென்னையில் வெள்ளைக்காரர் காலத்தில் 1794-லேயே மனநோயாளிகளுக்கான காப்பகம் தொடங்கிவிட்டது. கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது 1871-இல். அதன் பிறகு ஊர்ப்பெயரே வசையாகிவிட்டது. இலங்கையில் அங்கொடைக்கும் இதே கதி. அந்த ஊர்களில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் முகவரி சொல்லும்போது எதிராளி சிரிப்பதைச் சகித்துக்கொண்டு வாழ்கிறார்கள்.

அதே கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை தலைமை வகித்தவர் மருத்துவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1984-இல் ஸ்கார்ஃப் என்ற ஸ்கிசோஃப்ரீனியா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கியவரும் அவர்தான். கீழ்ப்பாக்கம் என்றதும் எனக்கு அவர் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று ஆசை.

ஜூன் 4

இத்தனை சொற்களில் இன்றைக்கு நம் ஊரில் அதிகமாகக் கெடுதல் செய்வது எது என்று கேட்டால், நான் ‘பைத்தியம்’ என்று சொல்லமாட்டேன், ‘சைக்கோ’ என்றும் சொல்லமாட்டேன். ‘மன அழுத்தம்’ என்பேன்.

ஸ்ட்ரெஸ் என்பதற்கும் மன அழுத்தம், டிப்ரஷன் என்பதற்கும் மன அழுத்தம். செய்தித்தாளில் இரண்டு வகையிலும் வருகிறது. டிப்ரஷனுக்கு மனச்சோர்வு என்ற நல்ல சொல் பாடநூலில் இருக்கிறது. ஆனால் டிவியில் பேசுபவர் அவசரத்தில் மன அழுத்தம் என்றே சொல்லிவிட்டுப் போகிறார்.

என் அத்தைக்கு டிப்ரஷன் என்று கண்டுபிடித்தார்கள். காலையில் எழுந்திருக்கவே முடியாது, சமையல்கட்டுக்குப் போகப் பிடிக்காது, பேரக் குழந்தை மடியில் வந்து உட்கார்ந்தாலும் ஒன்றும் தோன்றாது. வீட்டில் யாரோ அதை மன அழுத்தம் என்று மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அத்தை அதை ரத்த அழுத்தத்தின் தங்கை என்று புரிந்துகொண்டார். “எனக்குத்தான் பிரஷர் நார்மலா இருக்கே” என்றார். மாமா அதை ஸ்ட்ரெஸ் என்று புரிந்துகொண்டார். “வேலையைக் குறைச்சுக்கோ, நாலு கோயிலுக்குப் போயிட்டு வா” என்றார். அத்தை பஸ்ஸில் ஏறவே தெம்பில்லாமல் இருந்தார். இருவருமே அன்போடுதான் சொன்னார்கள். சொல் வழிகாட்டவில்லை.

ஸ்ட்ரெஸ் என்றால் மேலே ஏறி நிற்கும் பாரம். தேர்வு, கடன், வேலை. பாரம் இறங்கினால் பெரும்பாலும் ஆள் சரியாகிவிடுவார். டிப்ரஷன் என்பது நோய். குறைந்தது இரண்டு வாரம் தொடர்ந்து மனம் இருண்டு கிடப்பது, எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, பசி, தூக்கம், யோசனையின் வேகம் எல்லாம் குலைவது. பாரம் எதுவும் இல்லாதவருக்கும் வரும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் நோயாளிக்குக் கிடைப்பது அறிவுரைதான், சிகிச்சை கிடைக்காது.

ஜூன் 4, நள்ளிரவு

ஒன்றை விட்டுவிட முடியவில்லை. வேரைத் தோண்டினால் டிப்ரஷனுக்குத்தான் அழுத்தம் என்ற பொருள் பொருந்துகிறது. லத்தீனில் கீழே அழுத்துவது. மெலன்கோலியா என்ற பழைய சொல்லை விட்டுவிட்டு டிப்ரஷன் என்று சொல்லலாம் என 1904-இல் வாதாடியவர் அடால்ஃப் மேயர் என்ற மனநல மருத்துவர். கரும்பித்தம் என்று சொன்னால் காரணம் தெரிந்துவிட்டதுபோல ஆகிவிடுகிறது, நமக்குத்தான் காரணம் தெரியாதே என்பது அவர் நியாயம். ஆக, டிப்ரஷனை மன அழுத்தம் என்று முதலில் எழுதியவர் லத்தீன்படி பார்த்தால் தப்பு செய்யவில்லை. ஆனாலும் நான் மனச்சோர்வு என்பதையே விரும்புகிறேன். அத்தைக்கு அது ஒரே தடவையில் புரிந்தது. “ஆமா, சோர்வுதான்” என்றார்.

ஸ்ட்ரெஸ் எங்கிருந்து வந்தது? கட்டிடப் பொறியியலில் இருந்து. ஹான்ஸ் செல்யே என்பவர் மான்ட்ரியாலில் எலிகளை வைத்துச் செய்த சோதனைகளைப் பற்றி 1936-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். குளிர், காயம், மருந்து என எந்தத் தொல்லை கொடுத்தாலும் எலியின் உடம்பு ஒரே மாதிரி எதிர்வினை காட்டிற்று. பிறகு அந்த எதிர்வினைக்கு ஸ்ட்ரெஸ் என்று பெயர் வைத்தார். பொறியியலில் உள்ளே உண்டாகும் விசைக்கு ஸ்ட்ரெஸ் என்றும் அதனால் பொருள் நெளிவதற்கு ஸ்ட்ரெயின் என்றும் பெயர். நம் பள்ளி இயற்பியல் பாடநூலில் தகைவு, திரிபு என்று அழகாகப் பிரித்திருக்கிறார்கள். செல்யே சொல்ல வந்தது உடம்பில் உண்டாகும் மாற்றம், அதாவது திரிபு. அப்போது ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் ஸ்ட்ரெயின் என்றே வைத்திருப்பேன் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு உலகம் முழுவதும் ‘ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு’ என்று சொல்கிறது.

ஜூன் 6

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது என் முந்தைய குறிப்புகளைவிட முக்கியமானது. அவர்கள் பக்கத்தில் ஸ்ட்ரெஸ் என்பது ‘நெருக்கீடு’. டிரோமா என்பது ‘மனவடு’. ஆங்ஸைட்டி என்பது ‘பதகளிப்பு’. கவுன்சலிங் ‘உளவளத்துணை’. போருக்குப் பின் அங்கே இந்தச் சொற்கள் மருத்துவமனையிலும் பள்ளியிலும் புழங்கின. மக்கள் அவற்றைச் சொல்லித் தங்கள் கதையைச் சொன்னார்கள்.

பதகளிப்பு அவர்கள் வீட்டிலேயே பேசும் சொல். “மனம் பதகளிக்குது” என்று ஒரு அம்மா சொன்னால் மருத்துவர் அதே சொல்லைக் குறிப்பில் எழுதலாம். டிரோமா என்ற கிரேக்கச் சொல்லுக்குக் காயம் என்று பொருள். முதலில் அறுவை மருத்துவர்களின் சொல்லாக இருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் மனதுக்கும் வந்தது. காயம் என்று நேரே பெயர்க்காமல் வடு என்று வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். காயம் ஆறிய பிறகும் இருப்பது வடு. அந்த நோயின் இயல்பே அதுதான்: குண்டு விழுந்து பல வருடம் கழித்தும் பட்டாசுச் சத்தத்தில் உடம்பு ஒடுங்குகிறது. முதல் உலகப் போரில் இதற்கு ‘ஷெல் ஷாக்’ என்று பெயர். 1915-இல் சார்ல்ஸ் மயர்ஸ் ‘லான்செட்’ இதழில் எழுதினார். ஷெல் வெடித்த அதிர்வு மூளையைத் தாக்குகிறது என்றுதான் பலர் நினைத்தார்கள், ஷெல்லின் அருகிலேயே போகாத சிப்பாய்களுக்கும் வந்தது. பெயர் நின்றது, விளக்கம் விழுந்தது.

தமிழ்நாட்டு மனநலப் பிரிவுகள் இந்த ஈழத்துச் சொற்களைக் கடன் வாங்க வேண்டும். கூச்சப்பட ஒன்றும் இல்லை, நம் மொழிதான்.

ஜூன் 9

பெயரை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா என்று ஒருவர் காரமாகவே கேட்டிருக்கிறார். நானும் முதலில் இதே கட்சி. உதாரணம் கையில் இருக்கிறது. இடியட், இம்பெசைல், மோரன் மூன்றும் ஒரு காலத்தில் அறிவுத்திறன் அளவைக் குறித்த மருத்துவச் சொற்கள். மோரன் என்பதை 1910-இல் ஹென்றி காடர்ட் கிரேக்கத்திலிருந்து எடுத்துப் புதிதாக உண்டாக்கினார். கொஞ்ச நாளில் மூன்றும் பள்ளிக்கூட வசையாகிவிட்டன. பிரிட்டனில் ஸ்பாஸ்டிக் என்ற மருத்துவச் சொல் கேலிச்சொல்லாகிப் போனதால் அந்தப் பெயரில் இருந்த சங்கமே 1994-இல் பெயரை மாற்றிக்கொண்டது. புதுச் சொல்லும் நாளைக்கு அழுக்காகும் என்றால் எதற்கு மாற்ற வேண்டும்?

ஜப்பானைப் படித்த பிறகு அந்தக் கட்சியில் என்னால் உறுதியாக நிற்க முடியவில்லை. அங்கே ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு இருந்த பெயரின் பொருள் ‘மனம் பிளந்த நோய்’. நோயாளிகளின் குடும்பங்கள் 1993-இல் மனநல மருத்துவர் சங்கத்திடம் பெயரை மாற்றக் கேட்டன. 2002-இல் ‘ஒருங்கிணைப்புக் குலைந்த நிலை’ என்ற பொருளில் புதுப் பெயர் வந்தது. அதற்கு முன் மருத்துவர்களே அந்தப் பெயரை நோயாளியிடம் சொல்லத் தயங்குவார்கள். 2002-இல் தன் நோயின் பெயர் சொல்லப்பட்டவர்கள் 36.7 சதவீதம், 2004-இல் 69.7 சதவீதம். ஊராரின் மனம் எவ்வளவு மாறியது என்பதற்கு இந்த எண் சாட்சி இல்லை. ஆனால் மருத்துவரின் வாய் திறந்திருக்கிறது. எஃப் 20 என்ற சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு இந்த எண்ணின் மதிப்பு தெரியும்.

தென்கொரியாவும் பின்னர் மாற்றியது. அவர்கள் தேர்ந்த பெயரின் பொருள் தந்திவாத்தியத்தின் தந்திகளைச் சுருதி கூட்டுவது. மே 30 அன்று யாழ் நரம்பு பற்றி எழுதியபோது இது என் நினைவில் இல்லை. நரம்பு என்ற சொல் நம்மிடம் இரண்டு பொருளோடும் தயாராக இருக்கிறது, மனநல மருத்துவர்கள் யாராவது யோசிக்கலாம்.

ஸ்கிசோஃப்ரீனியாவுக்குத் தமிழில் வழங்கும் மனச்சிதைவு என்ற பெயர் எனக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிதைந்தது திரும்ப ஒன்றுசேராது என்று கேட்பவர் காதில் விழும். கிரேப்பலினின் அறிவுத் தேய்வு பின்வாசல் வழியாக உள்ளே வந்த மாதிரி இருக்கிறது. என் தம்பி இன்றைக்குச் சைக்கிள் கடையில் கணக்கு எழுதுகிறான்.

ஜூன் 10

சுருக்கமாக ஓ.சி.டி. பற்றி. வேண்டாத எண்ணம் விடாமல் வருவதும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பதுமான நோய் அது. ஜெர்மனில் ‘ட்ஸ்வாங்’ என்று ஒரே சொல், கட்டாயம் என்று பொருள். கார்ல் வெஸ்ட்பால் 1877-இல் விவரித்தார். அதை ஆங்கிலத்தில் லண்டன்காரர்கள் ‘அப்செஷன்’ என்றும் நியூயார்க்காரர்கள் ‘கம்பல்ஷன்’ என்றும் பெயர்த்தார்கள், கடைசியில் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. அப்செஷனின் லத்தீன் வேர் கோட்டையை முற்றுகையிடுவது. எண்ணம் வெளியிலிருந்து சூழ்ந்து நிற்கிறது, விரட்டினாலும் போகாது என்பதற்குச் சரியான சொல். மேசையை ஒழுங்காக வைத்திருப்பவர் ‘எனக்குக் கொஞ்சம் ஓ.சி.டி.’ என்று சொல்வதைக் கேட்கும்போது, கை தோல் உரியும் வரை கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வார்டில் பார்த்தது நினைவுக்கு வருகிறது. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

ஜூன் 12

‘சைக்கோ’. இதற்குள் இரண்டு வேறு ஆட்களைப் போட்டுக் குலுக்கிவிட்டோம். சைக்கோசிஸ் என்றால் இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடந்ததாக உறுதியாக நம்புவது. சைக்கோபாத் என்பது பிறர் வலி உறைக்காத, குற்ற உணர்ச்சி இல்லாத குணக்கோளாறைக் குறிக்கும் சொல். குரல் கேட்கும் என் தம்பி அந்தக் குரலுக்குப் பயந்து போர்வைக்குள் ஒடுங்குகிறவன். படத்தில் கத்தியோடு வருகிறவனின் பெயரை அவனுக்கும் வைத்துவிட்டார்கள்.

இந்தச் சொற்கள் இடம் மாறுவது புதிதும் இல்லை. நியூரோசிஸ் என்று 1769-இல் வில்லியம் கல்லன் சொன்னது நரம்பு மண்டல நோய்களை. சைக்கோசிஸ் என்பதை 1845-இல் ஃபாய்ச்டர்ஸ்லேபன் மனதில் வெளிப்படும் கோளாறுக்கு வைத்தார். பிறகு காற்று திசை மாறியது. நியூரோசிஸ் மனதின் போராட்டத்தால் வருவது என்றும், சைக்கோசிஸ்தான் மூளையைச் சார்ந்தது என்றும் ஆகிவிட்டது. முதல் கேள்வி கேட்டவர் வேரைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் இங்கே தலைகீழாக நிற்க வேண்டியிருக்கும்.

ஜூன் 15

பிளாய்லர் பற்றி இன்னும் சொல்ல ஒன்று இருக்கிறது. அவருடைய அக்கா பவுலினாவுக்கும் கடுமையான மனநோய் இருந்தது. பெற்றோர் இறந்த பிறகு அக்காவைத் தன்னோடு மருத்துவமனை வளாகத்துக் குடியிருப்பிலேயே வைத்துக்கொண்டார். சூரிக்குக்கு முன்னால் ரைனாவ் என்ற இடத்து மருத்துவமனையில் பன்னிரண்டு வருடம் நோயாளிகளோடு சேர்ந்தே வாழ்ந்திருக்கிறார். அந்தப் பக்கத்துக் கிராமத்து ஜெர்மன் அவருடைய சொந்தப் பேச்சு. நோயாளிகள் பேசுவதை மருத்துவர் மொழிபெயர்ப்பில்லாமல் கேட்டார்.

அறிவுத் தேய்வு என்ற பெயரை அவர் ஏற்க மறுத்ததற்கு அறிவியல் காரணங்கள் உண்டு, மேலே எழுதியிருக்கிறேன். கூடவே ஒரே வீட்டில் அக்காவோடு இருந்தவர் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். தினமும் சேர்ந்து சாப்பிடும் ஆளைத் தேய்ந்துபோனவர் என்று எழுத யாருக்கும் கை வராது.

ஆட்டிசம் என்ற சொல்லும் அவர் உண்டாக்கியதுதான், ஸ்கிசோஃப்ரீனியா நோயாளிகள் தமக்குள் ஒதுங்குவதைக் குறிக்க. குழந்தை மனநல மருத்துவர் லியோ கன்னர் 1943-இல் அதைக் குழந்தைகளுக்கு எடுத்துக்கொண்ட பிறகு முழுக்க வேறு பொருளாகிவிட்டது. இதைத் தெரியாமல் பழைய நூல்களைப் படித்தால் குழம்பிப்போவோம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பின்னால் ஸ்கிசோஃப்ரீனியா வந்துவிடுமா என்று பயந்து எழுதியிருந்த தாய்க்கு: இரண்டும் தனித்தனி, பெயர் ஒரே ஆளிடமிருந்து வந்தது என்பதைத் தவிர அந்தப் பழைய நூலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். குழந்தையைப் பார்க்கும் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.

ஜூன் 18

‘வீட்டில் ஒருவருக்குக் குரல் கேட்கிறது என்கிறார், இதை என்ன நோய் என்று சொல்லி உதவி கேட்பது’ என்று நேற்று வந்த கேள்விக்கு: 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரிலிருந்து நடக்கும் அரசு உதவி எண், தமிழிலும் பேசலாம். நோயின் பெயர் எதுவும் வேண்டாம். எத்தனை இரவாகத் தூங்கவில்லை, சாப்பிடுகிறாரா, குரல் என்ன சொல்வதாகச் சொல்கிறார், தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் பேச்சு இருக்கிறதா, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை எது, இவற்றைச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல வசதி.